கேள்வி பதினான்கு

விசுவமடு. வாசிகசாலையின் பின்னறை.
இரத்தம் எடுக்க மேசை இல்லை, கரம் போட்தான்.
சிவப்புக் காய் வைக்கும் நடு வட்டத்தில்
என் ஊசிப்பெட்டி.

ஆய்வின் தலைப்பு நீளம்:
தேநீர்ப் பழக்கமும் பெண்களின் குருதி இரும்பும்.
வந்தவர்களுக்கு நான் சொன்னது சுருக்கம்:
"தேத்தண்ணி குடிக்கிறதைப் பற்றிக் கொஞ்சம் கேப்பன்,
பிறகு ஒரு குத்து."

கேள்வி ஒன்பது, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை?
கோப்பை என்றால் இருநூறு மில்லிலீட்டர்.
நூற்றுப் பதினேழாவது ஆள், விக்னராணி,
கைப்பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து வைத்தாள்.
"இதால ஆறு. சில நாளில ஏழு."
தண்ணீர் நிரப்பி அளவுச்சாடியில் ஊற்றிப் பார்த்தேன்.
இருநூற்று எண்பது.
திருத்தி எழுதிப் பக்கத்தில் கையொப்பமிட்டேன்.

சீனி எத்தனை கரண்டி?
உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள்.
ஒரு நக்கு, ஒரு மிடறு.
அந்தக் குழியின் ஆழத்தை அளக்க
என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பச்சைத் தேயிலையைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன்.
கட்டெசின், இதயம், இரத்தக் குழாய்,
நன்மை இருக்கலாம் என்று தொடங்கி
இன்னும் ஆராயவேண்டும் என்று முடிகிற கட்டுரைகள்.
கடனுக்கு வாங்கும் ஐம்பது கிராம் தூளுக்கு
எனக்கு வேண்டியிருந்தது ஒரு வரிதான்:
சாயத்திலிருக்கும் தனின்
சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்,
குடலுக்கு விடாது.
அதனால்தான் கேள்வி பதினான்கு.
உணவுக்கும் தேநீருக்கும் இடையில் எத்தனை நிமிடம்?

"எந்தச் சாப்பாட்டுக்கு?"
காலமைச் சாப்பாட்டுக்கு.
"காலமை தேத்தண்ணிதானே சாப்பாடு.
அதுக்கும் அதுக்கும் இடையில எப்பிடி நிமிசம் வைக்கிறது?"
வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.
படிவத்தில் நான்கு பெட்டிகள்:
முப்பதுக்குக் குறைவு, முப்பது முதல் அறுபது,
அறுபதுக்கு மேல், தெரியாது.
அவளுக்குத் தெரியும்.
ஆகவே நான்காவதிலும் கோடு போட முடியவில்லை.

தொழில்?
"மிதிவெடி எடுக்கிறது. சுண்டிக்குளம் பக்கம்.
அம்பது நிமிசம் முழந்தாளில, பத்து நிமிசம் ஓய்வு.
ஓய்வில தேத்தண்ணி. இல்லாட்டிக் கை ஆடும்."

ஆடாத அந்தக் கையில் ஒரு விரலைக் குத்தினேன்.
மிசின் கொஞ்சம் யோசித்து
எட்டுத் தசம் நான்கு என்றது.
"குறைவோ?"
குறைவுதான்.

"உங்கட மிசினும் எங்கட மிசினும்
தேடுறது ஒண்டைத்தான் தங்கச்சி.
எங்கடது நாள் முழுக்கக் கத்தும்.
ஆணி, தகரம், கோது, ஷெல் துண்டு,
ஒரு பாய் விரிக்கிற இடத்தில ஒரு வாளி இரும்பு.
உங்கடது சத்தமே போடேல்லை."

பிறகு, சட்டைக் கையை இறக்கியபடி,
"தொடைக்குள்ள ஒரு துண்டு கிடக்கு,
ரெண்டாயிரத்து ஒன்பதிலயிருந்து.
அது கரைஞ்சு சேராதோ?"

சேராது என்றேன்.
ஆளைப் பார்த்துச் சொல்லவில்லை.
குழாயில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இரும்புக் குளிசை முப்பது கொடுத்தேன்.
தேத்தண்ணியோட போடக்கூடாது.
"அப்ப எதோட?"
பச்சைத் தண்ணியோட.
"எங்கட கிணறு சவர்.
அதுக்குத்தான் சாயமே போடுறது."

ஐஸ் உருகமுதல் கிளிநொச்சி போய்ச் சேரவேண்டும்.
ஆனாலும் பரந்தன் சந்தியில் இறங்கி
வடையும் தேநீரும் ஒன்றாகவே வாங்கினேன்.
வடையில் பாதி வாயிலிருக்கும்போதே
தேநீரை ஊற்றி விழுங்கினேன்.

மூன்று கிழமையில் படிவம் திரும்பி வந்தது.
பதினான்கு வெறுமை. தரவு இல்லை, ஆளை நீக்கவும்.
கடைசிப் பக்கத்தில் "வேறு ஏதும்" என்ற கோட்டில்
நான் எழுதியிருந்தேன்:
இரும்பு, துண்டு ஒன்று, இடது தொடை.
அதற்குப் பக்கத்தில் பேராசிரியரின் பச்சை மை,
அலகு என்ன?